மருதம்பட்டைக் கசாயம்

சொல்லுதேன், சொல்லுதேன் டாக்டரம்மா. எந்தம்பி அருணாசலம் என்ன மாத்திரை சாப்பிட்டான், அதானே கேக்கீக? உள்ள வாய் கோணி, ஒரு கை ஒரு கால் வெளங்காமக் கெடக்கான். கேக்கத்தான செய்வீக. ஆனா எங்க வீட்டுக்கார விஞ்ஞானியப் பத்திச் சொல்லாம அதச் சொல்ல முடியாது.

அவுகளும் டாக்டருதான். ஊசி போடுத டாக்டரு இல்ல, காலேஜு வாத்தியாரு. ஆராய்ச்சி பண்ணி வாங்குன பட்டம். அத வாசல்ல பலகைல எழுதிப் போட்டிருக்காக, காய்ச்சல்காரனெல்லாம் வந்து கதவத் தட்டுதான். நான்தான் தொரத்தணும்.

என்ன ஆராய்ச்சியா? ஆட்டு ரத்தக்குழாய். நாங்க சைவம், வீட்டுல முட்டை வாடையே கெடையாது. இவுக மேலப்பாளையத்துல அசன் மைதீன் பாய் கடைல நின்னு, இருதயத்துலருந்து வார பெரிய குழாய வாங்கிட்டுப் போவாக. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு கைய மட்டும் நீட்டுவாகளாம், பாய் சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு. சாயங்காலம் தலையோட குளிச்சாத்தான் வீட்டுக்குள்ள வருவாக.

அந்தக் குழாய்ச் சுவத்துல தசைச் செல்லு இருக்காம்லா, அத எடுத்து ஒரு தட்டுல போட்டு வளப்பாக. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குச் சோறு போடுத நேரமெல்லாம் பாடம். பச்சப்புள்ளச் செல்லு சும்மா பெருகிக்கிட்டே கெடக்குமாம், சுவரு தடிச்சு ரத்தம் போவ வழியில்லாம ஆயிருமாம். முத்துன செல்லு பெருகாது, சுருங்கி விரிஞ்சு தன் சோலியப் பாக்குமாம். குறுக்குத்துறை ஆத்தங்கரைல நிக்க மருத மரத்துப் பட்டைய வேகவச்சு, அந்தச் சாறச் சொட்டுச் சொட்டா விட்டா, செல்லு பெருகுதத நிறுத்திட்டு முத்திருதாம். நாலு வருசமா இதான். தட்டுல கெடக்க செல்லுக்குப் புத்தி வந்துட்டு. வளத்தவுகளுக்கு வரல.

போன வருசம், தொண்ணூத்தாறுல, இவுகளுக்கே பிரஷரு ஏறிப்போச்சு. டாக்டரு எழுதிக் குடுத்த மாத்திரையத் தொட மாட்டேன்னுட்டாக. தட்டுல கேட்டது ஒடம்புல கேக்காதாங்காக. தட்டுக்குத் தலை சுத்துமா, கோட்டி புடிச்ச மனுசன்! காலைல ஒரு தம்ளர் கசாயம். ரெண்டு மாசத்துல பிரஷரு எறங்கிட்டு. பொறவு ஆட்டம் தாங்கல. கட்டம் போட்ட தாள்ல கோடு வரஞ்சு, வள்ளியூர்ல ஒரு கல்யாணப் பந்தில எலைக்கு எல விரிச்சுக் காட்டுதாக. சாம்பார் வாளியோட ஆளு காத்துக்கிட்டு நிக்கான்.

பக்கத்து எலைல அருணாசலம். தச்சநல்லூர்ல பாத்திரக்கட. ஆறு வருசமா பிரஷர் மாத்திரை போடுதவன். அத்தான் சொன்னா அவனுக்கு வேதவாக்கு. ஒரு டப்பா பட்டைப்பொடி வாங்கிட்டுப் போனான். மறுவாரம் வீட்டுக்கு வந்து, மாத்திரையெல்லாம் வாறுகால்ல கொட்டிட்டேன்க்கான்னு சொல்லுதான். நிறுத்தாதலேன்னேன். ஏன், அத்தானுக்கு எறங்கலையான்னு கேட்டான். சும்மா சொன்னேன்லேன்னுட்டு உள்ள போயிட்டேன்.

எழுதிக்கிடுங்க. ஆறு மாசமா ஒரு மாத்திரையும் இல்ல.

அவுகளுக்கு மட்டும் எப்படி எறங்குச்சுன்னா கேக்கீக? அவுக குளிச்சுத் துன்னூறு பூசிட்டு வாரதுக்குள்ள, டாக்டரு குடுத்த மாத்திரைய நுணுக்கி அந்தக் கசாயத்துல நான் கலக்கிருவேன். இன்னைக்குக் காலைலயும் கலக்குனேன். அந்தக் கசப்புல ஒண்ணும் தெரியாது. நாலு பேரு முன்னால அவுக தலை குனிஞ்சிரக் கூடாதுன்னு கூடப்பொறந்தவன்கிட்டகூட வாயத் தொறக்கல. அவுக கோட்டின்னா நான் அதவிடக் கோட்டி.

அந்தா வாராக பாருங்க, கைல பிளாஸ்கு. மச்சினனுக்குக் கசாயம் கொண்டாராக. போயிராதீக டாக்டரம்மா, இங்கனயே நில்லுங்க. அவுக முன்னாலயே சொல்லிருதேன்.