பிந்தி வந்த குரல்

அக்கா, ஒலிப்பதிவு அறையில் மைக்கையும் ஹெட்போனையும் இணைக்கும் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதிது வாங்கினோமே, இரண்டுக்கும் என்னடா வித்தியாசம் என்று நீ கேட்டாய். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் எனக்குத் திக்காது, அதனால் இப்போது சொல்கிறேன்.

ஒலித்தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தை இரண்டிலும் பதிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. வித்தியாசம் வழியில்தான். பழையதில் மைக்கில் பேசுவது நேராக ஹெட்போனுக்குப் போய்விடும். புதியதில் அது கம்ப்யூட்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும்படியும் திருப்பிவிடலாம். எவ்வளவு பிந்தி வரவேண்டும் என்பதையும் நாமே வைத்துக்கொள்ளலாம்.

சோதித்த அன்று, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி வரும்படி வைத்து வாசித்துப் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பக்கம் முழுவதும் திக்காமல் வாசித்தேன். உன்னிடம் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. சரளமாகப் பேசுகிறவர்களுக்கு இது நேர்மாறாக வேலை செய்யும் என்று எங்கோ படித்திருந்தேன். போனை வைத்துவிட்டேன்.

அத்தான் என்னை 'டைப்ரைட்டர்' என்று கூப்பிட்டதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒலிப்புத்தகம் வாசித்தே பேர் வாங்கியவர், வாய்த் துடுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் நம் கம்பெனியில் மெய்ப்பு பார்த்த பெண்ணிடம் கல்யாணப் பேச்சை எப்படி எடுப்பது என்று மைக் முன்னால் நான் தனியாகச் சொல்லிப் பார்த்ததை அவர் பதிந்து வைத்து, கம்பெனி ஆண்டு விழாவில் எல்லோர் முன்னாலும் போட்டார். "உ-உ-உங்களை" என்ற இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு அவமானத்தில் உயிரே போயிற்று.

அத்தான் வாசிக்கும்போது அவர் குரல் அவருக்கே பிந்தி வரும்படி, முதலில் மிகக் கொஞ்சமாகத்தான் வைத்தேன். வாராவாரம் கூட்டினேன்.

"டேய், என் குரல் எனக்குப் பின்னாடியே வர்ற மாதிரி இருக்குடா."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, மறு கையால் வழியை நேராக்கிவிட்டு, "ஒ-ஒண்ணுமில்லையே அத்தான்" என்றேன். பதிவையும் போட்டுக் காட்டினேன். பதிவு எடுப்பது அந்தச் சுற்றுக்கு முன்னால். அதில் பிந்தி வரும் குரல் இருக்காது. அவருடைய தடுமாற்றம் மட்டும் சுத்தமாக இருக்கும். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நம்பிவிட்டார்.

பயம் வந்த பிறகு பெட்டிக்கு வேலை குறைந்தது. போனில் திக்கினார், சாப்பாட்டு மேசையில் திக்கினார். "அப்பா, மாமா மாதிரியே பேசுறீங்க" என்று உன் மகள் சொன்ன நாளிலிருந்து அவளிடம் பேசுவதையே நிறுத்தினார். மூளையை இரண்டு தடவை படம் எடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அவருக்கு என்னடா ஆச்சு?" என்று நீ அழுதபோது தோளில் தட்டிக்கொடுத்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

அவர் பாதியில் விட்ட புத்தகங்களை இப்போது நான்தான் வாசிக்கிறேன், என் குரலை எனக்கே பிந்தி வரவிட்டு. நன்றாக வருகிறது என்கிறார்கள்.

நேற்று அத்தான் ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ ஒருத்தன்தான் சிரிக்கல." பாவமாக இருந்தது. அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன். செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன், எட்டு மாதம் செய்தேன்.

உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த விழாவின் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் உன் சிரிப்பு தனியாகத் தெரியும், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கேட்கும். கூடப் பிறந்தவள், அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு உதவி செய். இந்தக் கடிதத்தை அத்தான் கையில் கொடுத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டச் சொல். எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகக் கேள். சிரித்துவிடாதே.