தேய்ந்த எழுத்தில் ஒரு நினைவு மலர்

கிட்ட வாருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். பேய் இரவில்தான் வரும் என்று நினைத்திருந்தால் அதை விடுங்கள். இது நடந்தது மத்தியானம் பன்னிரண்டரைக்கு… புங்குடுதீவுப் பாலத்தில். இரண்டு பக்கமும் கடல். ஒரு சனம் இல்லை.

என் சிநேகிதன் தயாபரனின் மச்சான் றெக்ஷன், வேலணையில் கொம்பியூட்டர் வைத்து கலியாணக் காட், நினைவு மலர் எல்லாம் செய்பவன். புங்குடுதீவில் தில்லைநாதன் என்றொருவர் இறந்துபோனார். கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கடிதம் அடிக்கும் ரைப்பிஸ்ராக இருந்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கொடுக்கும் நினைவு மலர் றெக்ஷனின் பொறுப்பு. கனடாவிலிருந்து மூத்த மகன் வசீகரன் போனில் உயிரை எடுத்தான்.

"அப்பா அடிச்ச மாதிரி இருக்கோணும். பழைய ரைப்ரைட்டர் எழுத்து. தேஞ்சு, உடைஞ்சு."

செய்து அனுப்பினான். "இன்னும் தேயோணும்." மறுபடி அனுப்பினான். "தேஞ்சது காணாது." நல்ல எழுத்தை வேண்டுமென்றே கெடுக்கிற இந்த நாகரிகம் எனக்கும் பிடிக்காது. ஆறாம் தடவை றெக்ஷன் மவுசைத் தூக்கி எறிந்துவிட்டான்.

பிறகுதான் மற்றத் தொல்லை. பிள்ளைகளின் பட்டியலில் இளையவன் கீர்த்திகனும் இருந்தான். 2009இல் சண்டை முடியும்போது காணாமல் போனவன். தகப்பன் சாகும்வரை அவனைத் தேடி அரசாங்கக் கந்தோர் ஒவ்வொன்றுக்கும் கடிதம் அடித்தவர். அந்தப் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடச் சொன்னான் வசீகரன்.

"எத்தினை வருசமாச்சு தம்பி. போடும்."

திரையில் அந்தச் சொல் இருக்கும். தாளில் வராது. மற்றதெல்லாம் தேய்ந்தபடி வரும், அந்த இடம் மட்டும் வெறுமை. எழுத்துருவில்தான் பிழை என்று அந்த ஒரு சொல்லைச் சாதாரண எழுத்துக்கு மாற்றினான். வரவில்லை. பிரின்ரரைத் திறந்து துடைத்தான். வரவில்லை. மறுநாள் அந்தியேட்டி… வெறுத்துப்போய் அந்த இடத்தை அப்படியே விட்டு, முந்நூறு புத்தகத்தையும் அடித்து மோட்டார் சைக்கிளில் கட்டினான்.

பாலத்தின் நடுவில், பின்னால் இருந்த பெட்டிக்குள் சத்தம். டக்… டக் டக்… டிங். நிறுத்தினால் நின்றுவிடும். வெளிக்கிட்டால் தொடங்கும். ரைப்ரைட்டர் றிபன் மை மணம் வேறு, மூக்குக்குக் கிட்டவே. அவனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்ததாம்.

"இனி என்ன பிழை?" என்று கடலைப் பார்த்துக் கேட்டான்.

வீட்டில் தில்லைநாதனின் மனைவி மனோகரி ஒரு புத்தகத்தை எடுத்தார். இளைய மகனின் பெயருக்கு முன்னால் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அமுங்கியிருக்கு," என்றார். "றிபன் முடிஞ்சாலும் இந்த மனுசன் அடிச்சுக்கொண்டுதான் இருப்பார்."

வெயிலில் சரித்துப் பிடித்தார். மை இல்லை. தாளில் குழிவிழுந்து ஒரே ஒரு சொல்.

இருக்கிறான்.

மனோகரி அழவில்லை. "எங்கையெண்டு பாரும் தம்பி," என்று அடுத்த புத்தகத்தை எடுத்தார். பொழுதுபடும்வரை இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். முந்நூறிலும் அந்தச் சொல்தான். எங்கே என்று ஒன்றிலும் இல்லை.