ஒரு பக்கம் மட்டும் போட்ட பூட்டு

மணியைக் கையருகே வைத்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு தலைமை தாங்கும் இயக்குநர் அவர்களே, கணினி இயங்குதளத்தின் கருவை இழைத்து இழைத்து எழுதிய மூத்தோர்களே, கணவரையும் மகளையும் எங்களுக்கு இரவல் தந்த தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

இன்று ஓய்வுபெறும் இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் உண்டு. நிலைத்தவை நாம் வைத்த பெயர்கள்தான்: பூட்டு அக்கா, அணு அண்ணன்.

நிரலின் இரண்டு பகுதிகளுக்குப் பொதுவான எண்ணை ஒன்று தொடும்போது மற்றது வெளியே காத்திருக்கட்டும் என்பார் அக்கா. அது பூட்டு. காத்திருப்பானேன், காலம் கரைவானேன், இடையில் எதுவும் நுழைய முடியாதபடி ஒரே அசைவில் மாற்றிவிடலாமே என்பார் அண்ணன். அது அணுச்செயல். எதிரெதிர் மேசைகள். தேநீர் ஆறும், சண்டை ஆறாது. அந்தச் சத்தத்துக்காக நாளை முதல் ஏங்கப்போகிறேன் ஐயா.

மருத்துவமனைக்கு நாடி பார்க்கும் இயந்திரம் செய்தோமே, நினைவிருக்கிறதா? பின்வரிசை சிரிக்கிறது, இருக்கிறது. சோதனையில் தோற்றால் நம் குழுவையே கலைத்துவிடுவதாக இருந்தார்கள். துடிப்பு ஓர் எண், துடித்த நேரம் ஓர் எண். அந்த எண்களை எழுதும் பாதி நிரல் அக்காவுடையது, படிக்கும் பாதி அண்ணனுடையது. அக்கா பூட்டினார், அண்ணன் அந்தப் பூட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டேன் என்றார்.

சோதனை நாள். மருத்துவர் தம் விரலையே நீட்டினார். சிரித்துக்கொண்டு நின்ற மனிதருக்கு நாடி நின்றுவிட்டதென்று இயந்திரம் அலறியது.

அக்கா மெல்லச் சொன்னார்: "நீங்க இவ்வளவு சொன்னீங்களேன்னு காலையில பூட்டை எடுத்துட்டேங்க."

அண்ணன் தலையில் கைவைத்தார்: "அடடா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு நானும் காலையிலதாங்க பூட்டைப் போட்டேன்."

விட்டுக்கொடுத்தார்கள், இருவரும் விட்டுக்கொடுத்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டுக்கொடுத்தார்கள்! எழுதும் பக்கம் திறந்து கிடக்க, படிக்கும் பக்கம் மட்டும் போட்ட பூட்டு யாரைத் தடுக்கும்? புதுத் துடிப்பு பழைய நேரத்தோடு ஒட்டிக்கொண்டது. நேரம் நகரவில்லையே, நாடி நின்றுவிட்டதென்று இயந்திரம் நம்பிவிட்டது.

மருத்துவர் மாலைவரை பொறுத்தார். ஒரே விசைப்பலகை, இரண்டு நாற்காலி. தனித்து மாறும் எண்ணுக்கு அணுச்செயல். சேர்ந்தே மாறவேண்டிய இரண்டுக்கு, இருபுறமும் சின்னப் பூட்டு. இயந்திரம் வாய்மூடியது. குழு பிழைத்தது.

வேகம் வேண்டுமா? வேண்டும். காவல் வேண்டுமா? வேண்டும். இரண்டுக்கும் முன்னால் என்ன வேண்டும்? எதிர்மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை வேண்டும்!

தலைவர் மணியைத் தொடுகிறார்; முடிக்கிறேன். அன்று முதல் இவர்கள் கேட்காமல் எதையும் செய்ததில்லை. வாசலில்கூட "நீங்க போங்க", "இல்லைங்க, நீங்க முதல்ல" என்று நிற்பார்கள். பின்னால் நாங்கள் எரிச்சலோடு நிற்போம். இன்றும் அப்படித்தான் நிற்பார்கள். நில்லுங்கள் அக்கா, நில்லுங்கள் அண்ணா. இன்று எங்களுக்கு அவசரமே இல்லை.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. புறப்படும் இருவருக்கும் என் வணக்கம்.