சோணையம்மாள் தொட மறுத்த கால்

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, இந்தக் கூட்டத்தில் நான் வாசிப்பதற்காகச் சடுகுடுச் சங்கத்திலிருந்து எழுதி அனுப்பிய இரங்கல் உரையை அடுப்பில் வைத்ததுதான். நான்கு பக்கம், நல்ல காகிதம். காப்பிக்கு வெந்நீர் கொதிப்பதற்குள் எரிந்து முடிந்துவிட்டது. ஆகையால் இனி நான் பேசப்போகும் எதற்கும் காரியதரிசி சேதுபதி அவர்கள் பொறுப்பல்ல. நானே பொறுப்பு.

அக்கிராசனர் சொக்கலிங்கம் அவர்களே, மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே, மணலில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களே, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் பெண்களே! சோணையம்மாள் உங்களில் ஒருத்தி அல்லவா? அவருக்காகக் கூடிய கூட்டத்தில் நீங்கள் ஏன் வெளியே நிற்கிறீர்கள்? உள்ளே வாருங்கள். ஆண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். அதுவரை நான் பேசாமல் நிற்கிறேன்.

நல்லது.

அச்சடித்த நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. "நமது சங்கத்தின் சிகிச்சை நிபுணி, விளையாட்டு வீரர்களின் அன்னை, ஸ்ரீமதி சோணையம்மாள்" என்று போட்டிருக்கிறது. ஸ்ரீமதி! உயிரோடு இருந்த ஐம்பத்துநான்கு வருஷத்தில் யாராவது ஒருவர் அவரை அப்படிக் கூப்பிட்டதுண்டா? சங்கத்தின் நிபுணியாம். எந்த வருஷத்திலிருந்து? எந்தக் கூட்டத்தின் தீர்மானம்? உங்களிடம் அவர் படம் ஒன்றுகூட இல்லை. அதனால் முப்பத்திரண்டாம் வருஷம் ஜெயித்த சடுகுடுக் கோப்பைக்கு மாலை போட்டு மேஜையில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கோப்பையோடு எடுத்த போட்டோவில் ஆட்டக்காரர்கள் ஏழு பேர், பிரமுகர்கள் பதினோரு பேர். படம் பிடித்தவர், "அந்த அம்மாளும் நிற்கட்டுமே" என்றார். "அது எதுக்கு இங்க?" என்று ஒரு குரல் வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குரல் யாருடையது என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சோணையம்மாள் யார் என்று சொல்லவேண்டும். காளையார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில். இந்த ஊரில் அவர் கை படாத தாய்மார்கள் குறைவு. மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேரின் மனைவிமார் பிள்ளை பெற்று அவர் கையால் எழுந்து நடந்தார்கள் என்று உங்கள் வீட்டு ஆச்சிமாரைக் கேளுங்கள்.

இருபத்தொன்பதாம் வருஷம், நான் தலைமையாசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதல்முறையாக ஓட்டப்பந்தயம் வைத்தேன். விசாலம் என்ற மாணவி பாதி ஓட்டத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நான் என்ன செய்தேன்? நீங்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நல்லெண்ணெய் காய்ச்சச் சொன்னேன். அடிபட்டதும் சுடச்சுட எண்ணெய் விட்டு, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் அழுத்தி உருவவேண்டும். அடிபட்டவன் எவ்வளவு உரக்க அலறுகிறானோ, உருவியவருக்கு அவ்வளவு நல்ல கை என்று பேர். இதுதானே நம் வைத்தியம்?

அடுத்த வீட்டுக்குப் பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்க்க வந்திருந்த சோணையம்மாள், சத்தம் கேட்டு உள்ளே வந்தார். காலைப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியை நகர்த்தி வைத்தார்.

"தொடாதீக டீச்சரம்மா. உள்ள சதை கிழிஞ்சிருக்கு. அது பச்சை உடம்பு. பிள்ளை பெத்த அன்னைக்கே யாராச்சும் வயித்தைப் போட்டு அமுக்குவாகளா?"

நான் பி.ஏ. படித்தவள். எண்ணெய் காய்ச்சிய அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

மூன்று நாள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கவேண்டும். கை படவே கூடாது. நாலாம் நாள் உள்ளங்கையை மட்டும் வைத்து, தூசி தட்டுவதுபோல மேல்நோக்கி ஒரு தடவல். பத்தாம் நாள்தான் பெருவிரல். இருபத்தோராம் நாள் விசாலம் ஓடினாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய வைத்தியம், ஒரு பெண் தன் கையை மூன்று நாள் சும்மா வைத்திருந்ததுதான்!

அடுத்த வருஷம் அரியக்குடியிலிருந்து வீரணன் வந்தான். சடுகுடு ஆட்டக்காரன். அவனுக்கும் கெண்டைக்கால். ஒரு பெண் ஆண்களின் காலைத் தொடுவதாவது என்று ஊர் பேசும் என்பதால், சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில், கதவைத் திறந்துவைத்து, நான் நாற்காலி போட்டு உட்கார, என் முன்னால்தான் எல்லாம் நடந்தது. சும்மா உட்காருவானேன் என்று ஒரு நோட்டில் எழுதினேன். எந்தக் கால், எத்தனையாம் நாள், கை எப்படி வைத்தார், என்ன ஆயிற்று என்று நான்கு வருஷம் எழுதினேன்.

வீரணனைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் கொஞ்சமாகவா கேலி செய்தார்கள்? "என்னப்பா, பிள்ளை ஆணா பொண்ணா? பெத்த உடம்புக்குச் செலவு மருந்து அரைக்கச் சொல்லட்டா?" என்றான் ஒருவன். அவன் இங்கேதான் இருக்கிறான், தலையைக் குனிந்துகொள்கிறான். சோணையம்மாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஆம்பளைப் பிள்ளைதான் அப்பு. இருபத்தோரு நாள் போகட்டும், எந்திரிச்சு ஓடும். அப்ப நீ பிடிச்சிருவியா பாக்குறேன்." பிடிக்க முடியவில்லை.

அவர் தெரிந்ததை அப்படியே ஆட்டக்காரர்கள்மேல் போட்டுத் தேய்த்தார் என்று நினைக்காதீர்கள். உடம்பில் எண்ணெய் பட்டால் சடுகுடுவில் பிடி வழுக்கும், எதிர்க்கட்சி சண்டைக்கு வரும். முப்பது வருஷம் எண்ணெயிலேயே பழகிய கை அது. அந்தக் கையை அவர் எண்ணெயில்லாமல் பழக்கினார். தவிட்டைச் சலித்து, மாவாக்கி, அதைத் தூவி உலர்ந்த கையால் தேய்த்தார். ஆட்டத்துக்கு முன்னால் குட்டையாக, வேகமாக. ஆட்டம் முடிந்தபின் நீளமாக, மெதுவாக. சடுகுடு பாடி எதிர்க்கட்சிக்குள் போகிறவனுக்குத் தொடை போகும், பிடிக்கிறவனுக்குத் தோளும் விரலும் போகும் என்று கண்டுபிடித்தார். எப்படிக் கண்டுபிடித்தார்? மைதானத்தில் பெண்கள் நிற்கக்கூடாதே! எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஏறி, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தார். "அந்த உசரப் பையன் எப்பவும் இடது காலை ஊண்டித்தான் திரும்புறான். வலது காலுக்கு வேலையே இல்லை. இன்னும் ரெண்டு மாசத்துல இடது போயிரும் பாருங்க" என்பார். போகும். அதற்கு முன்பே அவனைக் கூப்பிட்டுத் திருத்திவிட்டால் போகாது. அப்படித் திருத்தித்தான் அந்தக் கோப்பை வந்தது. மாலையைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறீர்கள், தெரியாமல்.

இனி, எரிந்துபோன நான்கு பக்கத்தில் இல்லாததைச் சொல்கிறேன்.

சென்ற வருஷம் ஆனி மாதம், சிவகங்கையில் பந்தயம். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். சோணையம்மாளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வீரணனுக்குத் தொடைச் சதை கிழிந்தது. சத்திரத்தில் படுக்கவைத்து ஈரத்துணி போட்டார். அக்கிராசனர் அவர்களே, நீங்கள் வந்தீர்கள். காரியதரிசி அவர்களே, நீங்களும் கூட வந்தீர்கள். நாளைக்கு வீரணன் நின்றாகவேண்டும், நீவிவிடு என்றீர்கள்.

"இது இருபத்தோரு நாள் காலுங்கய்யா. நான் தொடமாட்டேன். வேற ஆளையும் தொட விடாதீக" என்றார்.

"தொடுறதுக்குத்தானே உன்னைக் கூட்டியாந்தோம்?" என்றீர்கள் நீங்கள், சேதுபதி அவர்களே.

"எப்பத் தொடக்கூடாதுன்னு சொல்றதுக்கும்தான் கூட்டியாந்தீக."

அவரை வெளியே போகச் சொன்னீர்கள். வேறொருவரை வரவழைத்தீர்கள். எண்ணெய் காய்ந்தது. நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வீரணன் போட்ட அலறல் தெருமுனைவரை கேட்டது. உள்ளேயிருந்து யாரோ, "நல்ல கை" என்று மெச்சினார். சோணையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீரணன் இரண்டாம் முறை பாடிப் போனபோது விழுந்தான். அப்புறம் அந்தத் தொடைக்குள் எலும்பு மாதிரி ஒன்று இறுகிப்போயிற்று. முழங்கால் மடங்காது. அதோ, பின்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். வயது இருபத்து நான்கு.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், "பொருந்தாத சிகிச்சையால் நமது ஆட்டக்காரருக்கு நேர்ந்த கதி" என்று வருத்தம் தெரிவித்தீர்கள். யாருடைய சிகிச்சை என்று எழுதவில்லை. எழுதவேண்டியதில்லையே! மறுவாரமே சந்தையில் பேச்சு: பிள்ளைப்பேறு பார்க்கிறவள் கை பட்டு ஒருத்தன் கால் போயிற்றாம். சனிக்கிழமைகளில் கொட்டகைக்கு யாரும் வரவில்லை. பிறகு பிள்ளை பெற்ற வீடுகளும் கூப்பிடுவதை நிறுத்தின. தொடாத காலுக்காக அந்தக் கைகளைத் தள்ளிவைத்தது இந்த ஊர். பதினோரு மாதம்!

அவரைக் கொன்றது காய்ச்சல்தான். அதை நான் திரிக்கமாட்டேன். ஆனால் பதினோரு மாதம் அவரை உயிரோடு சும்மா உட்காரவைத்தது யார்?

இப்போது எதற்கு இந்தப் பந்தல்? சென்ற மாதம் மதுரையில் ஒரு பெரிய டாக்டர் வீரணனின் காலைப் பார்த்தார். கிழிந்த அன்றே அழுத்தி உருவியதால் வந்த வினை என்றார். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். வீரணன் உண்மையைச் சொன்னான். அந்த அம்மாளை நான் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வந்தது, சோணையம்மாள் போய்விட்டார், நோட்டீஸ் அச்சாயிற்று. கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர் சொன்னபின்தான் அவர் நமது நிபுணி, நமது அன்னை.

உங்களைத் திட்டிவிட்டு நான் நல்லவளாக இறங்கிப் போகலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால், அந்த ஆனி மாதச் சனிக்கிழமையை நான் எழுதி வைத்திருந்தேன். நேரத்தோடு, பேசிய வார்த்தையோடு. "சோணையம்மாள் தொட மறுத்தார்" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போனேன்? ஒருவரிடமும் போகவில்லை. சங்கத்தின் அக்கிராசனர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் நிர்வாகி. பள்ளிக்கூடம் நடக்கவேண்டும், நூற்றுப்பத்துப் பெண்கள் படிக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். கோழைகளுக்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கிறது. சோணையம்மாள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. நான் போகும்போதெல்லாம், "வாங்க டீச்சரம்மா" என்று பாயை விரித்தார். அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இரவும் பகலும் இதையே நினைத்துப் பார்க்கிறேன். பேசியிருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அவர் கேட்காததை அவர் மகள் சிட்டாள் கேட்டாள். காரியம் முடிந்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மாவின் வித்தை எல்லாம் இதில் இருக்கிறது, நீ இதைத் தொடர்ந்து நடத்தவேண்டும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சிட்டாள் நோட்டைத் தொடவில்லை.

"எழுதுனீகளே டீச்சரம்மா, யாருக்கு வாசிச்சுக் காட்டுனீக?" என்றாள். "எங்க ஆத்தா கை இருந்தும் கெட்டா. நீங்க கை அழுக்காகாம பக்கத்துல உக்காந்து எழுதுனீக. இன்னமே நான் ஒரு ஆட்டக்காரன் காலைத் தொட்டா, ஏன்னு கேளுங்க."

நோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

சபையோரே! இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக, மறைந்தவரின் பணியை நாம் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். யார் தொடர்வது? நாம் என்றால் யார்? இன்றைக்கு இந்தப் பந்தலில் முப்பது ஆட்டக்காரர்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவனுக்குச் சதை கிழியும். எண்ணெய்ச் சட்டியை நகர்த்தி வைக்க யார் வருவார்கள்? என் நோட்டு வருமா? நான்காம் நாள் உள்ளங்கை என்று நோட்டில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக என்று இல்லை. சதை எப்போது கையைத் தாங்கும், எப்போது தாங்காது என்பது தோலைத் தொட்டால்தான் தெரியும். பதினைந்து வருஷம் அம்மாவோடு கூடவே தொட்டுப் பழகியவள் ஒருத்திதான் இந்த ஊரில் மிச்சம். அவளை நம்முடைய பேச்சும் என்னுடைய மௌனமும் சேர்ந்து விரட்டியிருக்கின்றன.

ஆகவே ஒன்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நிர்வாகிக்கும் தெரியாது, என் வீட்டாருக்கும் தெரியாது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது தலைமையாசிரியை நாற்காலியில் நான் இருக்கமாட்டேன். சனிக்கிழமைச் சம்பவத்தை எழுதிய பக்கத்தை நகலெடுத்து மதுரை டாக்டருக்கும், சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும், அவரைக் கூப்பிடாமல் நிறுத்திய வீடு ஒவ்வொன்றுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அது நான் பதினோரு மாதத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை. அதற்குப் புகழ் கிடையாது.

அதன்பிறகு இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளப்போகிறேன். எழுதுவதற்கல்ல, கையால் செய்வதற்கு. எனக்கு நாற்பத்துமூன்று வயது. இந்தக் கை சாக்பீஸைத் தவிர வேறெதையும் அழுத்திப் பிடித்ததில்லை. ஒரு ஆண்பிள்ளையின் காலைத் தொட்டால் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று எனக்குத் தெரியும். சோணையம்மாளைப் பேசியதைவிட அதிகமாக என்னைப் பேசிவிடுவார்களா?

சிட்டாள், நீ வலது பக்கம் தூணோரத்தில் நிற்கிறாய். உனக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கூட்டத்தின் முன்னால் உன்னிடம் கேட்கிறேன்: என்னை உன்னிடம் சேர்த்துக்கொள்வாயா? முடியாது என்று சொல்ல உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. சொன்னால், நாளைக் காலையில் உன் வீட்டுக்கு வந்து மறுபடியும் கேட்பேன்.