குஞ்சு காக்கும் விரால்

ஞாயிறு பூசை முடிந்து திருநின்றவூரில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் தூண்டில் கழிகளோடு இரண்டு பேர், ஏரியிலிருந்து வெறுங்கையாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“விரால் பசிக்கு மட்டும் கடிக்காது மாமே. குஞ்சைக் காப்பாத்தவும் கடிக்கும்,” என்றார் தொப்பி போட்டவர்.

கூட வந்தவர் பக்கம் திரும்பி, அவரே தொடர்ந்தார்.

“தூண்டில் நரம்பு தடிமனா போட்டுகினு, செவப்பா குஞ்சுங்க கும்பலா கீற எடத்துல ரப்பர் தவளைய வீசு. ஆத்தாக்காரி பாய்ஞ்சி வந்து கவ்விடுவா. கண்ணெதிர்லயே இருந்துச்சே, ஏன் வீசல?”

“அப்பால அந்தக் குஞ்சுங்க?” என்றார் மற்றவர்.

“மத்த மீனு தின்னுட்டுப் போவும். உனக்கின்னா? உம் பொண்டாட்டி ஆப்பரேசன்ல புள்ள பெத்துட்டுப் படுத்துகினு கீறா. விரால் கொழம்பு வெச்சாதான் புண்ணு ஆறும்னு நீதான சொன்ன?”

“ஆவடி மார்க்கெட்ல வாங்கிக்கினு போறேன்.”

தொப்பிக்காரர் சிரித்தார். “மார்க்கெட்ல கீறது மட்டும் யாருக்கும் ஆத்தா இல்லியா?”

மற்றவர் முகம் சுண்டிப்போனது. ஆண்டவரே, இந்த மனுசனுக்கு ஒரு பதில் கொடும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஆவடி வந்ததும் அவர் எழுந்தார். “இருக்கலாம் மாமே. ஆனா அதோட குஞ்சுங்கள நான் பாக்கல இல்ல?”