இன்னும் பார்க்கிறீர்களா

நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாமல் இருந்தால், எங்கள் வீட்டு டிவி ஓடுவதை நிறுத்திவிட்டு 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று கேட்கும். அதன் கீழே 'ஆம்' என்று ஒரு கட்டம், 'வெளியேறு' என்று ஒரு கட்டம். வயதானவர் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல வசதி என்று முடிவு செய்தது நான்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்கும் வருகிறேன்.

நான் மெல்லத்தான் பேசுவேன், மேடம். காதில் விழாவிட்டால் சொல்லுங்கள்.

கேபிள்காரர் மாதச் சந்தாவைக் கூட்டியபோது அத்தான் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார். அத்தான் என்றால் அத்தையின் ஒரே மகன். "இனிமே கேபிள் வேணாம். நெட்ல வர்றது நாலஞ்சு இருக்கு. எது விலை கம்மி, எது அம்மாவுக்கு ஒத்துவரும்னு பாத்து ஒண்ணப் போடு. நீதான் சயின்ஸ் படிச்சவளாச்சே" என்றார்.

எல்லாவற்றிலும் சில நாட்கள் இலவசமாகப் பார்க்கலாம். நான் வேதியியல் ஆய்வகத்தில் செய்வதுபோலவே செய்தேன். அதே நாற்காலி, அதே தூரம், அதே மாலை நேரம். சேவையை மட்டும் மாற்றினேன். முதலாவதில் எழுத்து மிகவும் பொடி. "இந்த எறும்பையெல்லாம் யாருடி படிக்கிறது" என்றார் அத்தை. இரண்டாவது, திறக்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்டது. அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் போட வேண்டும். அத்தைக்கு வலது கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. "பேங்க் லாக்கர்காரன்கூட இவ்வளவு கேக்க மாட்டான்" என்று ரிமோட்டை என் மடியில் போட்டுவிட்டார். மூன்றாவதில் எல்லாம் இருந்தது, விலையும் இருந்தது.

நான்காவது மலிவு. விளம்பரம் வரும், அதனால் மலிவு. வசனம் திரையின் கீழே பெரிய எழுத்தில் ஓடும். ரிமோட்டில் பொத்தான்கள் குறைவு. பத்து விநாடி பின்னால் போக ஒரு பொத்தான் இருந்தது. ஒரு வசனம் தவறிப்போனால் அதை அழுத்தினால் போதும். அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "இப்படி ஒண்ணு வாழ்க்கைல இருந்திருந்தா உங்க மாமாவுக்குக் கழுத்த நீட்டியிருப்பேனா" என்று சிரித்தார். அதையே வாங்கினோம்.

முதல் தடவை அந்தக் கேள்வி திரையில் வந்தபோது அத்தை திடுக்கிட்டார். பிறகு, "இது என்னடி, கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தவர். நிமிர்ந்து உட்கார்ந்து, டிவியைப் பார்த்து, "இருக்கேன்டா, இருக்கேன். எங்க போயிடப் போறேன்" என்று பதில் சொன்னார். நான் 'ஆம்' அழுத்தினேன். அது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. கேள்வி வரும்; அத்தை 'இருக்கேன்' என்பார்; நான் அழுத்துவேன். விரல் வலி அவருக்கு, பேச்சு வராதது எனக்கு, பாதிப் பாதி வேலை என்று அவரே சொல்வார்.

அத்தை என்ன பார்க்கிறார் என்பது அத்தானின் போனிலும் தெரியும். கணக்கு அவர் பெயரில். முதலில் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. "அம்மா காலைல ரெண்டு எபிசோடு பாத்திருக்காங்கபோல. அப்போ நல்லாத்தான் இருக்காங்க" என்பார். பிறகு கூப்பிடுவதே குறைந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. ஓடுகிற டிவி முன்னால் ஓர் ஆள் இருப்பார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

அத்தை நல்லவர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் சேர அவர் வீட்டுக்கு வந்தவள் நான். படிப்பு முடிந்தும் அங்கேயே இருந்துவிட்டேன். பரீட்சை நாட்களில் மழை வந்தால் குடையோடு தெருமுனையில் நிற்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கோட்டான் என்பார், ஊமைக்கோட்டான் என்பதன் சுருக்கம். செல்லமாகத்தான். கல்லூரி அலுவலகத்தில், டாக்டரிடம், செருப்புக்கடையில்கூட, நான் வாயைத் திறப்பதற்குள் "அவளுக்குப் பேச வராது, நான் சொல்றேன்" என்பார். கடைசி பெஞ்சுவரை எட்டும் குரல். கடைக்காரர் என் காலை அளந்துவிட்டு அத்தையிடம், கடிக்கிறதா என்று கேட்பார். கடிக்கவில்லை என்று அத்தை சொல்வார்.

அந்தக் குரலுக்கு நான் பயப்படுவேன். திட்டுவார் என்று இல்லை. எதையும் மறைக்கத் தெரியாதவர் அவர். நான் ஒரு தம்ளரை உடைத்தால் அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் என்னைப் பார்ப்பார்கள்.

வேறொரு நகரத்தில், தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலை. சனிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். அத்தை போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் பையோடு இறங்கினேன். கீழ்வீட்டுத் தையல்காரர் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "என்ன கோட்டான், பறந்துட்டியா? ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. எந்த ஊர்னு சொல்லிட்டுப் போனா அவங்களுக்காவது ஒரு தந்தி அடிப்பேன்" என்றார். நான் சிரித்துவிட்டு நடந்தேன். ஞாயிறு காலை அதே பையோடு முன்பக்கப் படி வழியாக வந்தேன். "அத்தை கதவு திறக்கல, கொஞ்சம் வாங்க" என்று அவரை மேலே அழைத்துப்போனது நான்தான். என்னிடம் இருந்த சாவியால் திறந்தோம். அத்தையின் அறைக்குள்ளேயே குளியலறை. அங்கே தரையில் கிடந்தார். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. விழுந்தால் உடனே திறந்து தூக்க வசதியாக, போட வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது என்றார் டாக்டர். அதனால் உடனே உயிர் போகாது, விடியும்வரைகூட இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

தையல்காரர் ஸ்டேஷனில் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, மேடம். சனிக்கிழமை மாலை அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். "அக்கா, அந்த வில்லியக் கொஞ்சம் மெல்ல அழச் சொல்லுங்க. எனக்குத் தையல் கோணுது" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "இப்ப வேண்டாம். நாளைக்கு வா" என்றது. "என்னக்கா கோவம்? கோட்டான் இல்லாம ஒரு நாள் ஓடலியா? ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் அவர். அதே குரல், அதே ஏற்ற இறக்கத்தோடு, "இப்ப வேண்டாம். நாளைக்கு வா" என்றது. அவர் இறங்கிப்போய்விட்டார். அத்தைதான் பேசினார் என்று இன்றும் சொல்கிறார், சொல்லும்போது அழுகிறார். அது அத்தை பார்க்கும் தொடரில் வரும் மாமியார், தரகரிடம் சொல்வது. ஒருமுறைதான் சொல்வாள்.

பத்து விநாடி பின்னால் போகும் பொத்தான் தானாக அமுங்காது. நீங்கள் அப்படி நினைப்பது சரி.

டிவி சத்தத்தின் அளவைப் பற்றியும் கேட்டீர்கள். அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் வைக்கும் அளவு எட்டு. அன்று இருபத்திரண்டில் இருந்தது.

நான் அந்த ஊருக்குப் போகவில்லை. பேருந்து நிலையத்தில் இருந்தபோது ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "உங்க அத்தை நேத்தே பேசினாங்களே. உங்களுக்கு விருப்பம் இல்லன்னாங்க. வேற ஒருத்தர எடுத்துட்டோம்" என்றார். நான் ஒன்றும் சொல்லாததால், "பரவாயில்லமா. உங்களுக்குப் பேச வராதுன்னும் சொன்னாங்க" என்று அன்பாகவே வைத்துவிட்டார். நான் பின்பக்கப் படி வழியாக வீட்டுக்குத் திரும்பினேன். தையல்காரர் பார்த்துவிடுவாரோ என்று பயம். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அத்தை இல்லை. மூக்குக்கண்ணாடி கைப்பிடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது. மனத்தாங்கல் என்றால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, டிவியைக் காதால் மட்டும் கேட்பார். செய்ததை நினைத்து என் முகத்தைப் பார்க்க முடியாமல் படுத்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

விளம்பரம் முடிந்ததும் எழுந்து போகலாம் என்று இருந்தேன். பிறகு இந்தப் பகுதி முடியட்டும் என்று இருந்தேன். ஒரு பகுதி முடிந்தால் ஐந்து விநாடியில் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும். வாங்குவதற்கு முன் அதையும் ஒரு வசதியாகத்தான் கணக்கில் எடுத்தேன். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, எழுந்து போக அதில் ஓர் இடமே வருவதில்லை.

அத்தை கூப்பிடவில்லையா என்று மூன்று தடவை கேட்டீர்கள். டிவி ஓடும்போது எதுவும் கேட்கவில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன். அது உண்மை. டிவி ஓடும்போது எதுவும் கேட்கவில்லை.

இந்த அறையில் மின்விசிறியை நிறுத்தாதீர்கள். தயவுசெய்து.

அன்று இரவும் பகலுமாக ஐந்து தடவை 'ஆம்' அழுத்தப்பட்டிருக்கிறது என்று அந்தச் சேவைக்காரர்கள் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சரிதான். ஐந்துதான். கேள்வி வரும்போது சத்தம் முழுக்க நின்றுவிடும். வீடு அப்படி நிசப்தமாக இருந்து நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வி தானாகப் போகாது. யாராவது பொத்தானைத் தொட வேண்டும். இது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

முதல் தடவை நின்றபோது, சாத்திய கதவுக்கு அப்பால், குளியலறையிலிருந்து அத்தை, "இருக்கேன்" என்றார். வழக்கம்போல. டிவிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு "இடுப்பு போச்சுடா சாமி" என்றார். நான் எழுந்தேன். எழுந்து நின்றவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் வந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. இத்தனை நேரம் கூடத்தில் என்னடி செய்தாய் என்று கேட்பார். பிழைத்து எழுந்து எல்லோரிடமும் சொல்வார். ஆஸ்பத்திரியில், தையல்காரரிடம், அத்தானிடம், அந்த ஆய்வகத்துக்குக்கூடப் போன் செய்து. சிரித்துக்கொண்டே சொல்வார். 'ஆம்' அழுத்திவிட்டு, சத்தத்தைக் கூட்டினேன்.

நான்கு மணி நேரத்துக்குப் பதில் சொல்ல முடியாதவள் எட்டு மணி நேரத்துக்கு என்ன சொல்வாள்? கூடிக்கொண்டே போகும் ஒரு கணக்கு அது, மேடம். அதை என்னால் குறைக்க முடியவில்லை.

இரண்டாம் தடவை, "இருக்கேன்... யாரு அமுக்கறது? நீயாடி?" என்றார். மூன்றாம் தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கோட்டான் இல்லை, என் பெயர். அது அவருக்கு நினைவிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்காம் தடவை 'இருக்கேன்' மட்டும். மெல்லிய குரலில், நான் பேசுவதுபோல. நான்கு தடவையும் கேட்டது, மேடம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

ஐந்தாம் தடவை கேள்வி வந்தபோது ஜன்னலில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் அழுத்தாமல் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். குழாய் சொட்டியது. வேறு ஒன்றும் இல்லை. அத்தைக்குப் பேச வரவில்லை. அவருக்காக யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

"இருக்கேன்" என்று நான் சொன்னேன். கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னேன். பிறகு 'ஆம்' அழுத்தினேன்.