6240ஆம் எண் தாழ்

மெர்ல் சிமர் என் வீட்டுக்கு வந்தால் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடுவான். என் மனைவி போன பிறகு தரையைத் துடைப்பவன் நான்தான் என்று அவனுக்குத் தெரியும். முப்பது வருடப் பழக்கம். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்தில் யாருக்காவது பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி கிடைத்தால், பாகங்கள் அசல்தானா என்று பார்க்க என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் செய்தவைமேல் எனக்குத் தனிப் பிரியம். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் அவசரமாகச் செய்தவை. கடைசல் கோடுகள் அப்படியே தெரியும். குழலைக் கட்டையோடு பிடிக்கும் வளையங்களைக் கடையாமல் தகட்டில் அடித்திருப்பார்கள். வழவழவென்று அழகாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாப் பாகத்திலும் துப்பாக்கியின் எண்ணே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அது பெரும்பாலும் பொருந்தாது: தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தாழ். சரணடைந்தவர்கள் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் தாழ்களை இன்னொரு குவியலாகவும் போட்டார்கள். நம் பையன்கள் ஊருக்குத் திரும்பும்போது கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். என் துப்பாக்கியின் எண் 6240. அதில் இருந்ததோ வேறொன்றின் தாழ். சரியானதை இருபத்திரண்டு வருடம் தேடினேன்.

போன மார்ச்சில் மெர்ல், தன் அப்பா போரிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கியைக் காட்ட எடுத்துவந்தான். தாழைக் கழற்றி விளக்கடியில் திருப்பினேன். 6240. என்னுடையதில் இருக்கும் அதே தொழிற்சாலை முத்திரை, அதே எழுத்து.

நான் மறைக்கவில்லை. என் துப்பாக்கியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"இதென்னப்பா கூத்து," என்று சிரித்தான். "தொலைஞ்சுபோன தம்பியப் பாத்த மாதிரி முழிக்கிறே. வேணாம் ரஸ்ஸல். அப்பா எப்படிக் கொண்டுவந்தாரோ அப்படியே இருக்கட்டும்."

"உன் துப்பாக்கிக்கு அது சொந்தமில்ல, மெர்ல்."

"எங்கப்பாவுக்குச் சொந்தம். அது போதாதா?"

முழுதாகச் சோதிக்க ஒரு வாரம் வேண்டும் என்றேன். விட்டுவிட்டுப் போனான்.

என் உதிரிப் பெட்டியில் அதே காலத்துத் தாழ் ஒன்று கிடந்தது. அதன் எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு 6240 என்று அடித்தேன். நாற்பது வருடம் லேத் பிடித்த கை இது. லென்ஸ் வைத்துப் பார்த்தும் எனக்கே குறை தெரியவில்லை. அசல் 6240 என் துப்பாக்கிக்குப் போனது. அவனுடையதில் இதை மாட்டினேன். பழக்க தோஷத்தில், தாழ் தோட்டாவை எவ்வளவு நெருங்கிப் பிடிக்கிறது என்று காட்டும் அளவுக்கட்டையையும் போட்டுப் பார்த்தேன். தாழ் இறுக்கிப் பிடிக்கவில்லை, இடைவெளி அதிகம். சுட்டால் தோட்டாவின் அடிப்பக்கம் பிளந்து எல்லாம் முகத்தை நோக்கி வரலாம். வராமலும் போகலாம்.

மெர்ல் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். "இதச் சுடலாமா? அப்பா நினைவு நாளன்னிக்கு துப்பாக்கி கிளப்புல நாலு ரவுண்டு சுடணும்னு ஆசை."

என் இடத்தில் இருந்து யோசியுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். வேறு யாரிடமாவது காட்டுவான். அந்த ஆள் தாழைக் கழற்றிப் பார்ப்பான்.

"தாராளமா," என்றேன்.

நினைவு நாளன்று, கிளப்பில், மூன்றாவது தோட்டா. நான் அடுத்த மேசையில் இருந்தேன். காதுக்கவசத்தைக் கழற்றியபோது மெர்ல் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான். "ரஸ்ஸல், ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். அவ்வளவுதான்.

உடைந்த துப்பாக்கியை உங்கள் போலீஸ் ஆட்கள் என்னிடமே ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். தாழ் வேறு துப்பாக்கியினுடையது, ஆனால் அசல். போர்க்கால இரும்பு, தரம் குறைவு என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது உங்கள் ஆய்வகம் எண்ணுக்கு அடியில் இன்னொரு எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறது. நல்ல வேலை. அவ்வளவு ஆழமாகத் தேய்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் கெட்டவன் இல்லை. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் சேர்த்தேன். மெர்ல் சுடாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது.

அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாடு. அவன் மனைவி ஆர்லீன், உருளைக்கிழங்கு சாலட் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அவர் ஏதாவது தப்பாப் பண்ணிட்டாரா, ரஸ்ஸல்?"

"தாழைச் சரியா மூடாம சுட்டிருப்பான் போலிருக்கு."

"எப்பவும் அவருக்கு அவசரம்தான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெர்ல் ஒருநாளும் அவசரப்பட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். அந்த மனிதனுக்கு நான் செய்த ஒரே துரோகம் அதுதான்.